கழற்றிப் பூட்ட வருபவர்

ஒக்டோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்பியதும் என் டெலிபோன் அடிக்கத் தொடங்கும். கோடை முழுக்க யாரும் தொடாத தெர்மோஸ்டாட்டை அந்தக் கிழமைதான் வீடுகளில் திருப்புவார்கள். ரேடியேட்டர் சூடாகாது. “அண்ணை, பொயிலர் பிழைச்சுப் போச்சு. புதுசு பூட்ட எவ்வளவு முடியும்?” ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், டூட்டிங், எங்கிருந்து எடுத்தாலும் முதற்கேள்வி இதுதான்.

நான் உடனே விலை சொல்வதில்லை. எத்தனை குளியலறை, பொயிலர் குசினியிலா மேல்மாடி அலுமாரியிலா, கேஸ் மீட்டர் அதிலிருந்து எவ்வளவு தூரம், லொஃப்ட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா, ரேடியேட்டர்கள் எவ்வளவு பழசு என்று கேட்பேன். பிறகு, “வந்து பார்த்துத்தான் சொல்லுவன்” என்பேன். சிலர் அந்த இடத்திலேயே, “சரி அண்ணை, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிடுவார்கள். எடுக்க மாட்டார்கள். வேறொருவர் வீட்டைப் பார்க்காமலே போனில் ஒரு தொகை சொல்லியிருப்பார்; அது என்னுடையதை விடக் குறைவாகவும் இருந்திருக்கும். பத்துப் பதினைந்து வருடம் சுவரில் தொங்கி, குடும்பம் முழுவதும் தூங்கும்போதும் எரிந்துகொண்டிருக்கப் போகிற ஒரு பொருளைப் பூட்டுபவரை, ஒரு நிமிடப் பேச்சில் தெரிவு செய்கிறார்கள். எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம் தருகிற விஷயம். விலை சொல்ல முன் ஒருவர் உங்கள் வீட்டில் எதைப் பார்க்கிறார், எதை அளக்கிறார் என்று கவனித்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். அதைத்தான் கொஞ்சம் விளக்கமாக எழுத நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எனக்கு வீட்டைச் சூடாக்க ஒரு யந்திரம் வேண்டும் என்பதே புதினம். வெயிலைத் தணிக்க விறாந்தையும் ஓட்டுக்கூரையும் முற்றத்து வேம்பும்தான் எங்களுக்குத் தெரிந்தவை. லண்டனுக்கு வந்த புதிதில் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. வான் நிறையச் செப்புக் குழாயோடு விடியப்புறம் டீசல் அடிக்க வரும் ஐரிஷ்காரர் ஒருவர், கையாள் இல்லை, வருகிறாயா என்று கேட்டார். போனேன். பகலில் அவரோடு வேலை, மாலையில் கல்லூரி. கேஸில் கைவைக்க ஏ.சி.எஸ். என்ற தகுதிப் பரீட்சைகள் இருக்கின்றன. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எழுத வேண்டும். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் விலக்கு இல்லை.

அந்த ஐரிஷ்காரர் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் பொயிலரிடம் போக மாட்டார். முதலில் மீட்டர். பிறகு வெளியே போய்ப் புகைக்குழாய் முனை. பிறகு ஒவ்வொரு அறையாகப் போய் ரேடியேட்டரைப் புறங்கையால் மேலும் கீழும் தொட்டுப் பார்ப்பார். மேலே சூடும் கீழே நடுவில் குளிரும் என்றால் அடியில் சேறு சேர்ந்திருக்கிறது. கீழே சூடும் மேலே குளிரும் என்றால் உள்ளே காற்று. இவ்வளவும் பார்த்த பிறகுதான் கருவிப் பெட்டியைத் திறப்பார். வீட்டுக்காரர் பின்னால் நின்று, “பொயிலர் இங்கே இருக்கிறது” என்று காட்டிக்கொண்டே வருவார். இவர் தலையாட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவார். நானும் இன்றுவரை அந்த ஒழுங்கிலேயே பார்க்கிறேன்.

எங்கள் ஆட்கள் பலர், கேஸ் வேலைக்கு எதற்கு இத்தனை சட்டம் என்று கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் கனிங் டவுனில் நடந்ததைச் சொல்வேன். ஈஸ்ட்ஹாமில் நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் தெருக்களிலிருந்து அது தூரமில்லை. ரோனன் பொயின்ட் என்று 22 மாடிக் கட்டடம், ஆட்கள் குடிவந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16, விடிய ஆறு மணிக்குச் சற்று முன், 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீருக்குத் தண்ணீர் வைக்கத் தீக்குச்சி உரசினார். இரவில் கசிந்து நிறைந்திருந்த கேஸ் வெடித்தது. சுவர்ப் பலகைகள் வெளியே தள்ளுண்டு, கட்டடத்தின் ஒரு மூலை மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கட்டிய முறையிலும் பெரிய பிழை இருந்ததை விசாரணை கண்டது. கேஸ் கசிந்த இடம், அடுப்புக்குப் போகும் குழாயை இணைத்த ஒரு தரங்குறைந்த பித்தளை நட்.

அதன் பிறகு 1970இல் கொர்கி என்ற பதிவேடு தொடங்கியது. முதலில் விரும்பியவர்கள் சேர்ந்தார்கள்; 1991இல் கட்டாயமானது. 2009 ஏப்ரல் 1 முதல் அந்த இடத்தில் கேஸ் சேஃப் ரெஜிஸ்டர் இருக்கிறது. இன்னும் “கொர்கி ஆள்” என்று கேட்பவர்கள் உண்டு, பழைய வானில் அந்த எழுத்து ஒட்டியிருப்பதும் உண்டு. அந்தப் பெயரை வைத்து இன்று யாரும் உங்கள் வீட்டில் கேஸ் வேலை செய்ய முடியாது.

கேஸ் சேஃப் அட்டையில் முன்பக்கம் படம், உரிம இலக்கம், முடிவுத் திகதி இருக்கும். எங்கள் சனம் பார்த்தால் அதோடு நிற்கும். பின்பக்கத்தைத் திருப்ப வேண்டும். எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று அங்கேதான் எழுதியிருக்கும். அடுப்புப் பூட்டத் தகுதி பெற்றவருக்குப் பொயிலரில் தகுதி இல்லாமல் இருக்கலாம். இலக்கத்தைக் கேஸ் சேஃப் இணையத்தளத்தில் அடித்துப் பார்க்கலாம், 0800 408 5500க்கு எடுத்தும் கேட்கலாம். நான் வாசலிலேயே அட்டையை நீட்டிவிடுவேன். வயதானவர்களுக்கு அது சங்கடமாக இருக்கும். “ஐயோ தம்பி, உங்களை நம்பாமலோ கூப்பிட்டனாங்கள்?” “நம்புங்கோ அன்ரி, ஆனா திருப்பியும் பாருங்கோ. நாளைக்கு வேற ஆள் வந்தாலும் கேக்கப் பழகோணும்.”

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிளம்பிங் தெரிந்த ஒருவர் வந்து பொயிலரைப் பூட்டுவார். கேஸ் குழாயையும் தானே இணைப்பார். “பேப்பருக்குப் பிரச்சினை இல்லை, கார்ட் இருக்கிற ஆள் ஒருத்தர் சைன் பண்ணித் தருவார்” என்பார். கையெழுத்துப் போடுகிறவர் சிலவேளை வீட்டு வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார். இரண்டு பேரும் செய்வது குற்றம். தண்டப்பணமும் சிறையும் உண்டு. அது அவர்கள் பாடு. வீட்டுக்காரர் யோசிக்க வேண்டியது வேறு: அந்த இணைப்பின் நட் சரியாக இறுகியிருக்கிறதா என்று யாருமே அழுத்தம் அளக்கும் மனோமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. கேஸ் இணைப்பு முடிந்ததும் குழாயில் அழுத்தம் ஏற்றி, அது நிலைகொள்ள விட்டு, இரண்டு நிமிடம் அளவு இறங்குகிறதா என்று பார்த்தபடி நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் அந்த இரண்டு நிமிடத்தைப் போல முக்கியமான நேரம் இல்லை. மலிவாகச் செய்து தருவதாகச் சொல்பவர் முதலில் விடுவதும் அதைத்தான்.

புகைக்குழாய் முனையை ஏன் வெளியே போய்ப் பார்க்கிறேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஹரோவில் ஒரு வீடு, தை மாதம். பொயிலர் அடிக்கடி நின்றுவிடுகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். குசினியைப் பின்பக்கம் நீட்டி அழகாகக் கட்டியிருந்தார்கள். நல்ல பெரிய அறை, கூரையில் கண்ணாடி, நடுவில் பிள்ளைகள் இருந்து சாப்பிடவும் படிக்கவும் நீண்ட மேசை. பொயிலர் பழைய குசினியின் பின்சுவரில் இருந்தது. அந்தப் பின்சுவர் இப்போது வீட்டின் நடுச்சுவர். தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன், முனையைக் காணவில்லை. திரும்பி உள்ளே வந்து, பொயிலருக்கு நேர் மறுபக்கம் புது அறையில் இருந்த அலுமாரியைத் திறந்தேன். அரிசி மூட்டைக்கும் மாப் பேணிகளுக்கும் மேலே, சுவரிலிருந்து வெள்ளைக் குழாய் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்திருந்தது. மேல்தட்டு ஈரத்தில் ஊதிக் கறுத்துப் போயிருந்தது. கட்டட வேலை செய்தவர்கள் குழாயை நீட்டவும் இல்லை, பொயிலரை இடம் மாற்றச் சொல்லவும் இல்லை. மறைத்து அலுமாரி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தக் குழாயின் உள்வளையத்தால் புகை வெளியே போகும், வெளிவளையத்தால் எரிவதற்கான காற்று உள்ளே வரும். அலுமாரிக்குள் அடைபட்ட தன் புகையையே பொயிலர் திரும்ப இழுத்து, சரியாக எரிய முடியாமல் நின்றுகொண்டிருந்தது. மிச்சப் புகை பிள்ளைகளின் மேசைக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிறுத்த வேண்டும் என்றேன். வீட்டு அக்கா, “தம்பி, இந்தக் குளிருக்குள்ள பிள்ளையளோட என்ன செய்யிறது? ரெண்டு கிழமை மட்டும் ஓடட்டுமே. ஏற்கெனவே அதுகளுக்குச் சுகமில்லை” என்றார். என்ன சுகமில்லை என்று கேட்டேன். “சனி ஞாயிறு வந்தா ரெண்டுக்கும் தலையிடி, சத்தி. பள்ளிக்கூடத்தில ஒண்டும் இல்லை, வீட்டதான்.”

அதற்கு மேல் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. யன்னல் கதவெல்லாம் திறந்து எல்லோரையும் வெளியே வரச் சொன்னேன். பொயிலரை நிறுத்தி, கேஸைத் துண்டித்து, சிவப்பு எச்சரிக்கை அட்டை கட்டினேன். கேஸ் அவசர இலக்கத்துக்கு அறிவித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய், கார்பன் மொனொக்சைட் சந்தேகம் என்று அந்தப் பெயரைச் சொல்லியே இரத்தம் பார்க்கச் சொல்லும்படி எழுதிக் கொடுத்தேன். போனார்கள், பிள்ளைகள் சுகமாகத் திரும்பினார்கள். பிறகு பொயிலரை வெளிச்சுவருக்கு மாற்றிப் பூட்டினோம்.

கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் கசிந்தால் மூக்கில் ஏறும் மணம் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்படுவது; எரிந்து முடிந்த புகையில் அது இருக்காது. இரத்தத்தில் ஒக்சிசன் பிடிக்கும் இடத்தைக் கார்பன் மொனொக்சைட் ஒக்சிசனை விட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்தோடு பிடித்துக்கொள்ளும். தடிமன் காய்ச்சல் மாதிரித் தொடங்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருவதும், வெளியே போனால் குறைவதும்தான் அடையாளம். பொயிலர் இருக்கும் அறையில் இ.என். 50291 என்று குறித்த எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வையுங்கள். ஒரு குடும்பம் ஒருநாள் வெளியே சாப்பிடும் காசைவிடக் குறைவு.

இப்படியான நிலைமைகளை நாங்கள் “உடனடி ஆபத்து”, “ஆபத்துக்கு இடமுண்டு” என்று பிரிப்போம். முதலாவது வகையென்றால் உங்கள் சம்மதத்தோடு துண்டிப்போம். சம்மதிக்காவிட்டால் அவசரசேவைக்கு அறிவிப்போம். துண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. சொந்தக்காரர் வீடு, ஊர்க்காரர் வீடு என்று பார்க்க முடியாது. இதற்காகவே என்னோடு கதையை விட்டவர்கள் இருக்கிறார்கள். பரவாயில்லை.

இனிப் புதிதாகப் பூட்டுவதைப் பற்றி. “பெரிசாப் போடுங்கோ அண்ணை, 40 கிலோவாட்” என்பார்கள். இப்போது பெரும்பாலான வீடுகளில் வருவது கொம்பி பொயிலர். தொட்டியும் சிலிண்டரும் இல்லாமல், குழாயைத் திறந்ததும் அந்தக் கணமே தண்ணீரைச் சுடவைத்துத் தரும். அதன் கிலோவாட் கணக்குப் பெரும்பாலும் இந்தச் சுடுதண்ணீருக்காகத்தான். ரேடியேட்டர்களுக்கு ஒரு சாதாரண மூன்று அறை வீடு கேட்பது அதில் சிறிய பங்கு. 30 கிலோவாட் பொயிலர் ஒன்று, தெருவிலிருந்து வரும் தண்ணீரை 35 பாகை கூட்டி நிமிடத்துக்கு 12 லீற்றர் அளவில் தரும். ஆகவே நான் குசினிக் குழாயின் கீழ் அளவுக்கோப்பையைப் பிடித்து நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் வருகிறது என்று பார்ப்பேன். ஒன்பதுதான் வருகிறது என்றால் 40 கிலோவாட் பூட்டினாலும் அந்த ஒன்பதுதான் வரும். காலையில் இரண்டு குளியலறையில் ஒரே நேரத்தில் ஷவர் ஓடும் கூட்டுக்குடும்பம் என்றால், கொம்பியை விட்டுச் சிலிண்டர் வைப்பது நல்லது என்று சொல்வேன். கையிலிருக்கும் வேலை போனாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது கேஸ் குழாய். பழைய பொயிலருக்கு 15 மில்லிமீற்றர் குழாய் போதுமாக இருந்திருக்கும். புதிய கொம்பி முழு வேகத்தில் எரியும்போது, மீட்டருக்கும் பொயிலருக்கும் இடையில் ஒரு மில்லிபாருக்கு மேல் அழுத்தம் இறங்கக் கூடாது. பல வீடுகளில் அதற்கு 22 மில்லிமீற்றர் குழாயைப் புதிதாக இழுக்க வேண்டி வரும். தரைப்பலகை கழற்ற வேண்டி வரும். போனில் விலை சொன்னவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அவர் பழைய குழாயிலேயே கொழுவிவிட்டுப் போனால், பொயிலர் வேலை செய்யும். மார்கழிக் குளிரில், அடுப்பும் எரிந்து பொயிலரும் முழு மூச்சில் எரியும்போது சுடுதண்ணீர் விட்டு விட்டு வரும். “கொம்பனிப் பிழை” என்பார்கள்.

பொயிலரைக் கொல்வது அனேகமாகத் தண்ணீர்தான். ரேடியேட்டர் உருக்கு, குழாய் செப்பு, பொயிலருக்குள் வேறொரு உலோகம். எல்லாவற்றுக்குள்ளும் ஒரே தண்ணீர் வருடக்கணக்கில் சுற்றுகிறது. ஒக்சிசன் உள்ளே போகப் போக உருக்கு அரிக்கும். அரித்த இரும்பு மக்னடைட் என்ற கறுப்புத் தூளாகி, ரேடியேட்டரின் அடியில் எண்ணெய்ப் பீப்பாயின் மண்டி போலப் படியும். பழைய வீடொன்றில் ரேடியேட்டரைக் கழற்றி வாளிக்குள் கவிழ்த்தால் மை நிறத்தில் ஊற்றும். ஒரு காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால் அந்தத் தண்ணீரே காந்தத்தை நோக்கித் திரளும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு நான் இதைக் காட்டுவதுண்டு. காட்டிய பிறகு யாரும், “கழுவாமல் விட்டால் எவ்வளவு குறையும்?” என்று கேட்டதில்லை.

புதிய பொயிலரின் வெப்பப் பரிமாற்றியில் தண்ணீர் போகும் வழிகள் மிக ஒடுக்கம். பழைய சேற்றோடு அதை இணைத்தால் ஒன்றிரண்டு குளிர்காலத்தில் அடைக்கத் தொடங்கும். முதலில் கெட்டில் கொதிப்பது மாதிரி உள்ளே சத்தம் வரும். பிறகு நிற்கும். கொம்பனி ஆள் வருவார், இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தவடியைத் திறந்து பார்ப்பார், தண்ணீரில் மாதிரி எடுப்பார், “இது உத்தரவாதத்துக்குள் வராது” என்று எழுதிவிட்டுப் போவார். அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. அதனால் பூட்ட முன் முழுத் தொகுதியையும் கழுவ வேண்டும். யந்திரத்தைக் கொழுவி, ஒவ்வொரு ரேடியேட்டராக மற்றவற்றை அடைத்து, றப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி, தெளிந்த தண்ணீர் வரும்வரை விட வேண்டும். அரைநாளும் போகும், சேறு கூடினால் முழுநாளும் போகும். பிறகு அரிப்பைத் தடுக்கும் மருந்து ஊற்றி, திரும்பி வரும் குழாயில் காந்தவடி பூட்டி, மருந்து ஊற்றிய திகதியை எழுதி ஒட்ட வேண்டும். இரண்டு விலைகளுக்கு இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள்: கழுவுவது இதில் இருக்கிறதா, எந்த முறையில் கழுவுவீர்கள்? எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

திருத்த வேலையில் வேறொரு விதமான ஆட்களைச் சந்திப்பீர்கள். மூடியைக் கழற்ற முன்பே “போர்ட் போச்சு” என்பார்கள். போர்ட் மாற்றியும் சரிவராவிட்டால் பம்ப், பிறகு விசிறி. ஊகத்துக்கு மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர். மீற்றர் வைத்து எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் பாகத்தை மாற்றுபவரை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

வெம்பிளியில் ஓய்வு பெற்ற ஐயா ஒருவர். நாள்தோறும் விடிய எழும்பி, பொயிலருக்குக் கீழே இருக்கும் வெள்ளி நிறப் பின்னல் குழாயைத் திருகி அழுத்தத்தை ஒரு பாருக்கு ஏற்றிவிடுவார். இரவுக்குள் முள் பூச்சியத்தில் நிற்கும். ஒருவர் வந்து பார்த்து, பொயிலர் முடிந்துவிட்டது, புதிதுதான் போட வேண்டும் என்று சொல்லியிருந்தார். வெளிச்சுவரில் ஒரு சின்னச் செப்புக் குழாய் கீழே வளைந்து நிற்கும். அழுத்தம் மூன்று பாரைத் தாண்டினால் தண்ணீரை வெளியே விடும் வழி அது. அதன் கீழ் செங்கல்லில் பச்சைக் கறை நீளமாக இறங்கியிருந்தது. அப்போதே பாதி விளங்கிவிட்டது. தண்ணீர் சூடாகி விரியும்போது இடம் கொடுக்க ஒரு விரிவுக்கலன் இருக்கிறது. ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் தண்ணீர், நடுவில் றப்பர்த் தோல். அதன் காற்று வால்வை நகத்தால் அழுத்தினேன். காற்று வரவில்லை, தண்ணீர் பீறியது. தோல் கிழிந்திருந்தது.

“ஐயா, பொயிலர் நல்லாத்தான் இருக்கு. இந்தக் கலன் ஒண்டுதான் மாத்த வேணும்.”

“அப்ப புதுசு தேவையில்லையோ?”

“தேவையில்லை. ஆனா இனி நாளாந்தம் தண்ணி ஏத்த வேண்டாம். புதுத் தண்ணியோட ஒக்சிசனும் போகுது, உள்ளுக்கு அரிக்கும்.”

கலனை மாற்றி, மருந்தும் புதிதாக ஊற்றினோம். இப்படி இடையிடையே அழுத்தம் இறங்கும் வீடுகள் ஏராளம். மாதத்தில் ஒருமுறைக்கு மேல் ஏற்ற வேண்டி வந்தால் எங்கேயோ கசிகிறது அல்லது கலன் போய்விட்டது. புதிய பொயிலர் என்ற பேச்சுக்கு முன் இந்த இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

சில வேலைக்கு ஆளே தேவையில்லை. 2005 முதல் இங்கிலாந்தில் பூட்டப்படுபவை அனேகமாக எல்லாம் கொண்டென்சிங் பொயிலர்கள். புகையிலிருக்கும் நீராவியின் சூட்டையும் எடுத்துக்கொள்வதால் தண்ணீர் சொட்டும். அது மெல்லிய பிளாஸ்டிக் குழாயால் வெளியே போகும். 2010 டிசம்பரில், இந்த நாடு நூறு வருடத்தில் காணாத குளிர் டிசம்பரில், அந்தக் குழாய்கள் உறைந்து லண்டன் முழுக்கப் பொயிலர்கள் நின்றன. பொயிலருக்குள் தண்ணீர் களகளவென்று சத்தம் போட்டு நின்றால், வெளியே அந்தக் குழாயில் இளஞ்சூட்டுத் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கும். பிறகு ரீசெற் அழுத்தினால் பெரும்பாலும் ஓடும். போனிலேயே இதைச் சொல்லித் தருகிறவரின் இலக்கத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொயிலரின் முகப்பு மூடியை நீங்கள் கழற்றாதீர்கள். பல பொயிலர்களில் அந்த மூடிதான் புகையை உள்ளே அடைத்து வைத்திருக்கிறது. கேஸ் பாகத்தில் கைவைத்தவர் மூடிய பிறகு புகை போகும் வழி, காற்று வரும் வழி, அழுத்தம், பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் திரும்பச் சோதித்தாக வேண்டும்; 1998 கேஸ் பாதுகாப்பு விதிகளில் 26(9) என்ற பிரிவு அது. புகை அளக்கும் கருவி இல்லாமல் வந்தவர் அதைச் செய்ய முடியாது.

வேலை முடிந்ததும் காசைக் கொடுத்துக் கதவைச் சாத்திவிடாதீர்கள். பொயிலருக்கென்று பெஞ்ச்மார்க் என்ற பட்டியல் இருக்கும். கேஸ் அழுத்தம், புகை அளவு, கழுவிய விபரம், ஊற்றிய மருந்து எல்லாம் அதில் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். வெறுமையாக இருக்கும் பட்டியலை நான் எத்தனையோ வீட்டில் கண்டிருக்கிறேன். பூட்டியவர் 30 நாளுக்குள் கேஸ் சேஃபுக்கு அறிவிக்க வேண்டும். கட்டட விதிகளுக்கான சான்றிதழ் உங்கள் பெயருக்குத் தபாலில் வரும். வீட்டை விற்கும் நாளில் வக்கீல் கேட்பது அதைத்தான். கொம்பனி உத்தரவாதத்தையும் பதிய வேண்டும். வருடாந்த சர்வீஸ் தவறினால் ஏழு வருடம், பத்து வருடம் என்ற பேச்செல்லாம் அதோடு முடிந்தது. எங்கள் ஆட்களில் இரண்டாவது வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்கள் அதிகம். அவர்கள் ஆண்டுதோறும் கேஸ் பரிசோதனை செய்து, பத்திரத்தை 28 நாளுக்குள் குடியிருப்பவர் கையில் கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் நம் ஊரிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள், கேட்கப் பயப்படுவார்கள் என்பதற்காக அதை விடாதீர்கள். அந்த அறையில் தூங்குவதும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான்.

பொயிலரை விட்டு ஹீட் பம்ப் போடலாமா என்று இப்போது கேட்கிறார்கள். அரசாங்கம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2023 ஒக்டோபரிலிருந்து 7,500 பவுண் உதவித்தொகை தருகிறது, எம்.சி.எஸ். சான்று பெற்றவர் பூட்ட வேண்டும். இடமும் வீட்டுச் சுவர்களும் பொருந்தினால் நல்லது. அதற்கு முன், இருக்கும் கொம்பியில் ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75, 80 பாகையிலிருந்து 60க்கு இறக்கிப் பாருங்கள். திரும்பி வரும் தண்ணீர் 55 பாகைக்குக் கீழ் இருந்தால்தான் கொண்டென்சிங் பொயிலர் அதன் பெயருக்கேற்றபடி வேலை செய்யும். பல வீடுகளில் தொழிற்சாலையிலிருந்து வந்த சூட்டிலேயே அது வருடக்கணக்கில் எரிகிறது.

ஆவணி, புரட்டாதிக்குள் சர்வீஸுக்குக் கூப்பிடுங்கள். அப்போது எங்களுக்கும் நேரமிருக்கும், பாகங்களும் கையிருப்பில் இருக்கும்; குளிர் தொடங்கிய பிறகு நல்ல ஆட்கள் எல்லோரிடமும் நாள் கிடைப்பது கடினம். வருபவரிடம் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். கேஸ் மணந்தால் யன்னலைத் திறந்து, சுவிட்சுகளைத் தொடாமல், வெளியே வந்து 0800 111 999க்கு எடுங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருக்கும், அழைப்புக்குக் காசில்லை.